திமிர்: ஒரு சொல்லின் திசை



பண்டிதர் அயோத்திதாசரின் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவுக்கு ஒரு சொல்லையே பொருளாக எடுத்துக்கொண்டோம். பண்டிதர் சொற்களைக் கொண்டு வரலாறு எழுதியவர். 1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழைப் புரட்டினால், நாம் யோசிக்காமல் பேசுகிற சொற்களை நிறுத்தி வைத்து விசாரிக்கிற ஒருவரைப் பார்க்கலாம். இந்தச் சொல்லை யார் சொன்னார்கள், யாரைப் பார்த்துச் சொன்னார்கள், அதனால் யாருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டார். அவர் காட்டிய சொல் மூலங்கள் எல்லாவற்றையும் இன்றைய மொழியியல் ஏற்பதில்லை. அவர் கேட்ட கேள்விகள் இன்றைக்கும் நமக்கு வேண்டியவை.

அந்தக் கேள்விகளை 'திமிர்' என்ற சொல்லிடம் கேட்டுப் பார்ப்போம். நம்மில் பெரும்பாலோர் இந்தச் சொல்லைப் புத்தகத்தில் கற்கவில்லை. நம் தாத்தா தோளில் துண்டு போட்டபோது அவரைப் பார்த்துச் சொன்னார்கள். நம் அப்பா கூலியை எண்ணிப் பார்த்து வாங்கியபோது சொன்னார்கள். கல்லூரியில் நாம் வாய் திறந்து கேள்வி கேட்டபோதும் சொன்னார்கள். மூன்று தலைமுறையும் செய்தது வேறு வேறு காரியம். காதில் விழுந்தது ஒரே சொல்.

1. உடம்பிலிருந்து வந்த சொற்கள்

தமிழில் அகம்பாவத்தைக் குறிக்கச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. செருக்கு, இறுமாப்பு, அகந்தை, மமதை, ஆணவம், கர்வம் என்பவை ஏட்டுச் சொற்கள். திமிர், கொழுப்பு, தடித்தனம், தலைக்கனம், துடுக்கு என்பவை தெருச் சொற்கள். இரண்டு வரிசைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஏட்டுச் சொற்கள் பெரும்பாலும் மனத்தைப் பற்றியவை. தெருச் சொற்கள் உடம்பைப் பற்றியவை.

'திமிர்' என்றால் முதற்பொருள் மரத்துப்போதல், விறைத்துப்போதல். பக்கவாதத்துக்குத் 'திமிர்வாதம்' என்று பெயர். தமிழ் விவிலியத்தில் இயேசு எழுந்து நடக்கச் சொல்லும் நோயாளி 'திமிர்வாதக்காரன்'. வளையாத உடம்புக்குரிய பெயர் வளைய மறுக்கும் மனிதருக்கும் பெயராயிற்று. வட இந்தியாவிலும் இதே தடம் தெரிகிறது. இந்தியில் 'அகட்' என்றால் விறைப்பு, அதுவே அகம்பாவம். குனிந்து நிற்க வேண்டிய முதுகு நிமிர்ந்தால் அதை விறைப்பு என்று பார்க்கிற கண் இங்கே இருக்கிறது.

'கொழுப்பு' இன்னும் தெளிவானது. "உடம்பில கொழுப்பு ஏறிப்போச்சு" என்று தமிழில் சொல்கிறோம். தெலுங்கில் 'கொவ்வு', கன்னடத்தில் 'கொப்பு'. இரண்டுக்கும் கொழுப்பு என்றும் பொருள், திமிர் என்றும் பொருள். தெலுங்கில் 'பலுப்பு' என்றும் சொல்வார்கள். அதுவும் உடம்பு பெருத்ததைச் சொல்லும் சொல். இந்தியில் 'சர்பி' ஏறிவிட்டது என்பார்கள். சர்பி என்றாலும் கொழுப்புத்தான். மராத்தியில் 'மாஜ்' என்ற சொல் விலங்குக்கு வரும் மதத்தையும் மனிதரின் திமிரையும் சேர்த்துக் குறிக்கும்.

இத்தனை மொழிகளும் ஒன்றையே சொல்கின்றன. வயிறு நிறைந்தவன் அடங்க மாட்டான் என்கின்றன. அந்தச் சொல் யார் மேல் விழுந்தது என்று பாருங்கள். தஞ்சையின் பண்ணையாள் மேல், மராத்வாடாவின் மகார் மேல், ஆந்திரத்தின் மாலா, மாதிகா மேல் விழுந்தது. அரை வயிற்றுக் கஞ்சிக்கு உழைத்தவரைப் பார்த்துக் கொழுத்துப்போனாய் என்றார்கள். அந்த வசவுக்குள் ஒரு பொருளாதாரக் கொள்கை இருக்கிறது. கூலியைக் குறைவாக வைத்திருந்தால்தான் ஆள் அடங்கியிருப்பான் என்பதே அது. 'தலைக்கனம்' என்பதையும் இப்படியே பார்க்கலாம். தலைமுறை தலைமுறையாகத் தலையில் மற்றவர்களின் சுமையைத் தூக்கியவர்கள், அதை இறக்கி வைத்த அன்று, தலையில் கனம் ஏறியவர்கள் ஆனார்கள்.

2. ஏட்டுச் சொற்கள்

ஏட்டுச் சொற்களின் கதை வேறு. திருக்குறளில் செருக்கைக் குற்றங்களின் வரிசையில் முதலில் வைக்கும் அதிகாரம் குற்றங்கடிதல். அது பொருட்பாலில், அரசனைப் பற்றிப் பேசும் பகுதியில் இருக்கிறது. வள்ளுவர் அங்கே செருக்கை ஆளுகிறவரிடம் தேடினார். அந்த ஏட்டில் சொல்லின் திசை மேல்நோக்கி இருந்தது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் 'பெருமிதம்' என்பதை எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாகச் சொல்கிறது. கல்வி, வீரம், புகழ், கொடை ஆகிய நான்கிலிருந்தும் அது பிறக்கும் என்கிறது. பெருமிதம் குற்றமல்ல, மனிதருக்கு அழகு. இந்த நான்கையும் நம் மக்கள் வாழ்ந்த நிலைமையோடு வைத்துப் பார்ப்போம். கல்வி மறுக்கப்பட்டது. படைக்கலம் மறுக்கப்பட்டது. புகழைப் பாட ஏடு இல்லை. கொடுப்பதற்கு நிலமும் இல்லை. பெருமிதம் பிறக்கும் நான்கு வாசலையும் அடைத்துவிட்டு, மிச்சமிருந்த நிமிர்வுக்குத் திமிர் என்று பெயரிட்டது நம் சமூகம். ஒரே நடத்தை மேலிருப்பவரிடம் கம்பீரம், கீழிருப்பவரிடம் திமிர்.

'ஆணவம்' சைவ சித்தாந்தத்தின் சொல். ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலங்களில் முதலாவது. அணு என்ற சொல்லிலிருந்து வந்தது. எங்கும் விரிந்து நிற்க வேண்டிய உயிரை அணுவளவாகச் சுருக்கிவிடும் அழுக்கு என்பது சித்தாந்தம் தரும் விளக்கம். தன்னைப் பெரியவனாக நினைப்பதற்குத் தமிழ்ச் சைவம் வைத்த பெயரின் வேரில் சிறுமை இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் வேண்டியிருக்கும்.

இதே சைவத்தின் பெருவிழா மயிலாப்பூரில் பங்குனிதோறும் நடக்கிறது. அறுபத்து மூவரும் மாடவீதிகளில் வலம் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் திருநாளைப்போவார், நம் நந்தனார். தில்லைக்கு உள்ளே போக விரும்பிய அவர் தீயில் இறங்கிய பிறகே போக முடிந்தது என்று பெரியபுராணம் சொல்கிறது. தேரடியில் நின்று ஆணவ மலத்தை விளக்குகிறவர்கள் அந்தத் தீக்கு முன்னால் நின்ற வாசல்காரர்களின் ஆணவத்தை விளக்கியதில்லை.

'மமதை'யையும் ஒரு நிமிடம் பார்க்கலாம். 'என்னுடையது' என்று பொருள்படும் சமஸ்கிருத வேரிலிருந்து வந்த சொல். தமிழில் அது அகம்பாவம். இந்தியிலும் வங்காளத்திலும் அதே 'மமதா' தாயின் அன்பு. பெண்ணுக்கு அந்தப் பெயரையே வைக்கிறார்கள். ஒரே வேர் ஓரிடத்தில் பாசமாகவும் இன்னோரிடத்தில் குற்றமாகவும் ஆகியிருக்கிறது. சொல்லுக்குப் பொருளைத் தருவது அதன் வேர் மட்டுமல்ல, அதைச் சொல்கிற வாயும் கேட்கிற காதும்தான்.

3. கேட்பதே குற்றம்: சென்னை, 1892

ஐரோப்பிய மொழிகளில் அகம்பாவத்துக்கு வழங்கும் 'அரகன்ஸ்' என்ற சொல் இலத்தீனிலிருந்து வந்தது. 'ரொகாரே' என்றால் கேட்பது. 'அர்ரொகாரே' என்றால் தனக்கென்று கேட்பது, உரிமை கோருவது. தனக்கு உரியதல்லாததைக் கோருகிறவர் அகம்பாவி. எது யாருக்கு உரியது என்று முன்கூட்டியே முடிவு செய்தவர் யார் என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை.

அதற்கு விடை 1892இல் சென்னையில் கிடைத்தது. அந்த ஆண்டு விக்டோரியா டவுன் ஹாலில் சென்னை மகாஜன சபையின் கூட்டம் நடந்தது. நகரத்தின் வக்கீல்களும் பத்திரிகை ஆசிரியர்களும் நிறைந்த சபை அது. வெள்ளை அரசிடம் இந்தியருக்கு உரிமை கேட்கக் கூடியவர்கள் அவர்கள். அங்கே போன அயோத்திதாசர் மூன்று கோரிக்கைகளை வைத்தார். கோயிலில் நுழைய உரிமை, பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி, தரிசு நிலம். கோயில் என்று சொன்னதுமே கூட்டத்தில் எழுந்த எதிர்ப்பையும், உங்களுக்குச் சிவனும் விஷ்ணுவும் எதற்கு, உங்கள் சாமிகள் வேறு என்று சிவநாம சாஸ்திரி சொன்னதையும், அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம் என்று தாம் பதில் சொன்னதையும் பண்டிதரே பின்னாளில் பதிவு செய்திருக்கிறார்.

அரசிடம் கேட்பது அவர்களுக்கு மனு. அவர்களிடம் நாம் கேட்பது அகம்பாவம். நம் அரசியல் வரலாற்றின் பெரும்பகுதி இந்த இடைவெளிக்குள் நடந்தது. பண்டிதர் பிறகு பௌத்தத்தை நோக்கி நடந்ததற்கு அந்த அரங்கமும் ஒரு காரணம் என்று படிக்க இடமிருக்கிறது.

இந்த இழிவுக்கு இரண்டு பதில்கள் சென்னையிலிருந்தே வந்தன. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி ஒதுக்குகிறார்களோ அந்தப் பெயரோடு முன்னே வந்து உரிமை கேட்க வேண்டும் என்பது அவருடைய வாதம். அயோத்திதாசர் அந்தப் பெயரை ஏற்கவில்லை. அது எதிரி வைத்த பெயர், நம்முடையது தமிழன் என்ற பெயர், பூர்வ பௌத்தர் என்ற பெயர் என்றார். இருவரும் உறவினர்கள், சீனிவாசனின் தங்கையை மணந்தவர் அயோத்திதாசர். ஒரு குடும்பத்துக்குள் நடந்த இந்த விவாதத்தைத்தான் உலகத்தின் ஒடுக்கப்பட்டோர் எல்லோரும் ஏதாவது ஒரு மொழியில் நடத்தியிருக்கிறார்கள். வசவுப் பெயரை எடுத்து அணிந்துகொள்வதா, தூக்கி எறிவதா?

அந்தப் பெயர் அதற்குள் கடலும் கடந்திருந்தது. ஐரோப்பியக் கப்பல்காரர்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே நம் பெயரைத் தங்கள் மொழிகளுக்குக் கொண்டுபோய் 'பரையா' என்றார்கள். சமூகம் தள்ளி வைத்த யாருக்கும் அது பொதுப்பெயராயிற்று. ஹிட்லரிடமிருந்து தப்பிய யூத அறிஞர் ஹன்னா ஆரெண்ட் 1944இல் யூதரைப் பற்றி எழுதிய கட்டுரைக்கே 'யூதர் என்னும் பரையா' என்று பொருள்படத் தலைப்பிட்டார். தமிழ்ச் சமூகத்தின் சாதி இறுமாப்பு உலக மொழிகளுக்குக் கொடுத்த கொடை இது. செம்மொழிப் பெருமை பேசும் மேடைகளில் இந்த ஏற்றுமதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

4. அடையாறு: கருணையின் மொழி

மேட்டிமை எப்போதும் வசவாக வருவதில்லை. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாறு ஊரூரில் நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். பஞ்சமர் பள்ளி என்று பெயர். நம் வரலாற்றில் அந்தப் பள்ளிகளின் பங்கை நாம் மறக்கக்கூடாது. 1898இல் அயோத்திதாசரை இலங்கைக்கு அழைத்துச் சென்று பௌத்த பிக்குகளிடம் சேர்த்தவரும் ஆல்காட்தான்.

அதே அடையாறில் பிரம்மஞான சபைக்கு அடுத்துத் தலைமை ஏற்றவர் அன்னி பெசண்ட். அவர் 1909 பிப்ரவரியில் 'இந்தியன் ரிவ்யூ' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் உட்கார வைக்கக்கூடாது, முதலில் தூய்மையும் நல்நடத்தையும் கற்பிக்க வேண்டும், தலைமுறை தலைமுறையாக உண்ட உணவாலும் குடியாலும் அந்த உடல்களில் துர்நாற்றம் இருக்கிறது என்பது அதன் சாரம். அண்ணல் அம்பேத்கர் காங்கிரசையும் காந்தியையும் பற்றி 1945இல் எழுதிய நூலில் இந்தக் கட்டுரையை நீளமாக எடுத்துக் காட்டியிருக்கிறார்.

இதில் ஒரு வசவும் இல்லை. மென்மையான மொழி, உதவும் நோக்கம், முன்னேற்றம் என்ற தலைப்பு. 'திமிர்' என்று நம்மைச் சொல்ல ஆயிரம் வாய்கள் இருந்த ஊரில், இந்தக் கட்டுரையின் தொனிக்குப் பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. நம்மைத் தூக்கிவிட வருகிறவர் நம்மை மோந்து பார்த்துவிட்டுத் தூக்குவதற்கு என்ன பெயர்? 'மேட்டிமை' என்ற சொல்லை இன்று விமர்சகர்கள் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். பரவாயில்லை. இன்னும் கூர்மையான ஒரு சொல் வேண்டும்.

5. திமிரின் பட்டியல்

நகரத்தில் பெரும்பாலும் கண்ணாலும் முகச்சுளிப்பாலும் நடந்தது, கிராமத்தில் பட்டியலாகவே வந்தது. 1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். அதிகாரியும் ஆய்வாளருமான ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ உடுத்தக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடியை வெட்டிக்கொள்ளக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக்கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறிய இடங்களில் குடிசைகளை எரித்தார்கள். மறு ஆண்டு தடைகள் எட்டிலிருந்து பதினொன்றாயின.

திமிர் என்ற சொல்லுக்கு அகராதி வேண்டுமென்றால் இந்தப் பட்டியலைப் படித்தால் போதும். ஒரு மனிதர் வெயிலில் குடை பிடிப்பதும், ஒரு பெண் தலையில் பூ வைப்பதும்தான் திமிர்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இதே வேலையைச் செய்த சொல் 'அப்பிட்டி'. 'மேலே' என்ற சொல்லிலிருந்து உண்டானது. 1880இல் அச்சில் வந்துவிட்டது. நடைபாதையில் வெள்ளையருக்கு ஒதுங்காத கறுப்பரையும், நல்ல வீடு கட்டிய கறுப்பரையும், ஓட்டுப் போடப் போன கறுப்பரையும் இந்தச் சொல்லால் குறித்தார்கள். அடுத்து வந்தது கயிறும் மரமும். அந்த நாட்டில் 'அப்பிட்டி', நம் நாட்டில் 'திமிர்'. இரண்டும் தண்டனைக்கு முன் வாசிக்கப்பட்ட குற்றப்பத்திரிகை. கொலை நடக்குமுன் ஒரு சொல் நடக்கிறது. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

6. கீழிருந்து மேலே

எல்லா மொழியிலும் திசை ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது. பழைய ஏதென்ஸ் நகரத்தில் 'ஹுப்ரிஸ்' என்ற சொல் ஒரு சட்டக் குற்றத்தின் பெயர். லாபத்துக்காக அல்லாமல், இன்னொருவரை அவமானப்படுத்தி அதில் இன்பம் காண்பது ஹுப்ரிஸ் என்று அரிஸ்டாட்டில் விளக்கினார். பணக்காரர்களுக்கு இந்தக் குணம் வாய்க்கும் என்றும் சொன்னார். அடிமைக்கு இழைத்தாலும் அது குற்றமே என்று ஏதென்சின் சட்டம் வைத்திருந்தது. அடிமை முறையை நியாயப்படுத்திய அதே அரிஸ்டாட்டில், அதை விடாத அதே நகரம். ஆனாலும் அகம்பாவத்தை வலியவரின் குற்றமாக நிறுத்தியது.

குர்ஆனில் 'முஸ்தக்பிர்' என்றால் தன்னைப் பெரியவனாக்கிக்கொண்டவர்; அவருக்கு எதிரே நிற்பவர் 'முஸ்தழ்அஃப்', பலவீனமாக்கப்பட்டவர். பலவீனமானவர் என்று சொல்லாமல் ஆக்கப்பட்டவர் என்று சொல்வதில் ஒரு வரலாற்று அறிவு இருக்கிறது. அண்ணல் நம்மைக் குறிக்கத் தேர்ந்த மராத்திச் சொற்களிலும், 'தலித்' என்ற சொல்லிலும் இதே இலக்கணம் உண்டு. நொறுங்கியவர் என்று சொல்வதில்லை, நொறுக்கப்பட்டவர் என்கிறோம்.

நம் சென்னைத் தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. பந்தா, அலட்டல், உதார், பீட்டர் விடுதல், சீன் போடுதல், படம் காட்டுதல் என்று குப்பத்திலும் சேரியிலும் வழங்கும் சொற்களைக் கவனியுங்கள். எல்லாமே அகம்பாவத்தின் பெயர்கள். பாண்டி பஜாரில் இறங்கி இங்கிலீஷில் அதட்டும் ஒருவரைப் பார்த்து நம் பிள்ளைகள் "பீட்டர் வுடறான்" என்கிறார்கள். இந்தச் சொற்கள் யாரையும் அடிப்பதில்லை, சிரிக்கின்றன. எதிரில் நிற்பவரின் பெருமை வெறும் காட்சி, திரை விலகினால் ஒன்றுமில்லை என்கின்றன. மேலிருந்து வரும் சொல் தண்டனை தருகிறது. கீழிருந்து போகும் சொல் வேஷத்தைக் கலைக்கிறது. மெட்ராஸ் பாஷையைக் கொச்சை என்று ஒதுக்கிய அகராதிகள் இந்த அறிவை இழந்தன.

'ர'கரத்துக்கும் 'ற'கரத்துக்கும் நடுவில் இன்னொன்றும் நடந்தது. திமிர் என்றால் விறைப்பு. 'திமிறு' என்றால் பிடியிலிருந்து விடுபடப் போராடுவது. 1990களில் நம் தெருக்களின் சுவர்களில் 'அடங்க மறு', 'திமிறி எழு' என்று விடுதலைச் சிறுத்தைகள் எழுதியபோது, மூன்று தலைமுறை வசவுக்கு ஓர் எழுத்தில் பதில் கிடைத்தது. நீங்கள் விறைப்பு என்று பார்த்தது எங்கள் கட்டை அவிழ்க்கும் அசைவு என்றது அந்தச் சுவரெழுத்து.

7. திரும்பிய சொல்

இனி, சைவ சித்தாந்தத்தில் விட்டுவந்த 'ஆணவம்' என்ற சொல்லுக்கு வருவோம். சாதி மாறிக் காதலித்த பிள்ளைகளைக் குடும்பமே கொல்வதை நெடுங்காலம் 'கௌரவக் கொலை' என்று எழுதினார்கள். ஆங்கிலத்தின் நேர் மொழிபெயர்ப்பு அது. கொன்றவரின் மனத்திலிருந்து பார்த்த பெயர். தலித் இயக்கங்களும் பெண்ணிய, இடதுசாரி இயக்கங்களும் அந்தப் பெயரை மறுத்து 'ஆணவக் கொலை' என்று எழுதவும் பேசவும் தொடங்கின. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், கேமராவின் முன்னால் ஒரு தலித் மாணவர் வெட்டிக் கொல்லப்பட்டபோது தமிழ்நாடு முழுவதும் இந்தச் சொல் ஒலித்தது. இன்று நாளிதழும் தொலைக்காட்சியும் சட்டமன்றமும் அதையே பயன்படுத்துகின்றன.

அண்டை மொழிகளோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும். தெலுங்கில் இன்னும் 'பருவு ஹத்யா', அதாவது கௌரவக் கொலை. கன்னடத்தில் 'மரியாதா ஹத்யே' என்று இருந்ததைச் சிலர் 'மரியாதெகேடு ஹத்யே' என்று திருப்பி, மரியாதை கெட்ட கொலை என்கிறார்கள். மலையாளத்தில் 'துரபிமானக் கொலை', பொய்யான மானத்துக்காகச் செய்த கொலை. தமிழ் இதைவிட ஒரு படி மேலே போனது. மானம் என்ற பேச்சையே எடுத்துவிட்டது. யாரைத் திமிர் பிடித்தவர் என்று இருநூறு ஆண்டு சொன்னார்களோ அவர்கள் தரப்பிலிருந்து, கொன்றவரின் நெற்றியில் ஆணவம் என்று எழுதப்பட்டது. உயிரை அணுவாகச் சுருக்கும் அழுக்கு என்ற பழைய பொருளும் அங்கே சரியாகப் பொருந்துகிறது. பெற்ற மகளைச் சாதியின் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

சட்டமும் சொற்களின் களம்தான். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பதைக் குற்றமாக்கியது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதைத் தனிக் குற்றமாகவே எழுதியது. ஏதென்சின் ஹுப்ரிஸ் சட்டத்துக்கு நம் நாட்டின் உறவு இது. 2008இல் உச்ச நீதிமன்றம், ஒரு சாதிப் பெயர் வசவா இல்லையா என்பதை அதன் வேர்ச்சொல்லை வைத்துப் பார்க்கக்கூடாது, இன்று மக்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றது. 2011இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஆறுமுகம் சேர்வை வழக்கில் அதையே உறுதி செய்து, இத்தகைய கொலைகளில் கௌரவம் எதுவும் இல்லை என்றும் சொன்னது. மொழி ஆராய்ச்சி செய்யும் மாணவர்கள் அந்த இரண்டு தீர்ப்புகளையும் தேடிப் படிக்க வேண்டும்.

ஓட்டையும் உண்டு. வீட்டின் நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது நடந்த வசவு இந்தப் பிரிவுக்குள் வராது என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் விடியற்காலைப் பேருந்தில் அடையாறுக்கும் மயிலாப்பூருக்கும் வீட்டு வேலைக்கு வருகிற நம் பெண்களுக்கு, வசவு பெரும்பாலும் அந்த நான்கு சுவருக்குள்தான் நடக்கிறது. சம்பளத்தைக் கூட்டிக் கேட்டால், ஒருநாள் விடுப்புக் கேட்டால், "இதுங்களுக்குத் திமிர் ஏறிப்போச்சு" என்ற வாக்கியம் சமையலறையில் ஒலிக்கிறது. அதைக் கேட்கப் பொதுமக்கள் யாரும் இருப்பதில்லை.

8. இன்றைய வேலை

பெயர்களை மாற்றுவது சிறிய காரியம் என்று சிலர் சொல்வார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922இல் அரசு ஆவணங்களில் பஞ்சமர் முதலிய பெயர்கள் போய் 'ஆதிதிராவிடர்' வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1924இல், பொதுச் சாலையும் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். பெயரும் சாலையும் அடுத்தடுத்து வந்தன.

தியாகராய நகரில் ஜி.என். செட்டி சாலை அரசுப் பலகையில் ஜி.என். சாலை ஆயிற்று, பேச்சில் சாதிப் பட்டம் அப்படியே இருக்கிறது. அங்கே பட்டம் ஓர் அணிகலன். நம் ஊர்களின் பெயரில் ஒட்டிய 'காலனி' என்ற சொல்லோ வசவாகவே வழங்கியது. ஆதிக்கத்தின் அடையாளமான அந்தச் சொல்லை அரசுப் பதிவுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஆணவக் கொலைகளைத் தடுக்கும் சட்டத்துக்குப் பரிந்துரை தர ஓர் ஆணையமும் அறிவிக்கப்பட்டது. அந்தச் சட்டம் வரும்போது அதன் தலைப்பில் எந்தச் சொல் இருக்கும் என்பதை நாம் கண்காணிக்க வேண்டும். கௌரவம் என்ற சொல் பின்வாசல் வழியாக நுழைந்துவிடக்கூடாது.

அதற்கிடையில் புதிய சொல் ஒன்று வேலை செய்துகொண்டிருக்கிறது. 2022 மே மாதம் மயிலாப்பூரை ஒட்டிய ராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்காம் கால்வாய்க் கரையிலிருந்த கோவிந்தசாமி நகர் வீடுகளை இடித்தார்கள். அதை எதிர்த்து ஒருவர் தீக்குளித்து இறந்தார். அங்கே வாழ்ந்தவர்களுக்கு ஆவணங்களில் இருந்த பெயர் 'ஆக்கிரமிப்பாளர்'. தனக்கு உரியதல்லாததை எடுத்துக்கொண்டவர் என்று பொருள். இலத்தீனின் 'அர்ரொகாரே'வும் அதைத்தானே சொன்னது? தலைமுறைகளாக இந்த நகரத்தைக் கட்டியவரும் துடைத்தவரும் அதில் ஒரு குடிசை போட்டால் அகம்பாவம். அதே நீர்நிலைகளின் மேல் எழுந்த பெரிய கட்டடங்களுக்கு வளர்ச்சி என்று பெயர். வசவு மொழியிலிருந்து நிர்வாக மொழிக்கு வந்துவிட்ட திமிர் இது. கோபத்தோடு யாரும் சொல்வதில்லை என்பதால் இன்னும் ஆபத்தானது.

நம் தரப்பிலும் பார்க்க வேண்டியது உண்டு. வீட்டில் எதிர்த்துப் பேசும் பெண்ணைத் 'திமிர் பிடித்தவள்', 'அடங்காப்பிடாரி' என்கிறோம். பிடாரி நம் எல்லைத் தெய்வம். அவளுக்குப் பொங்கல் வைத்துவிட்டு அவள் பெயரை வசவாக்குகிறோம். அருந்ததியர் உள்ஒதுக்கீடு கேட்டபோது எந்தெந்த வாயிலிருந்து என்னென்ன சொற்கள் வந்தன என்பதையும் மாணவர்கள் பதிவு செய்ய வேண்டும். சொல்லின் திசையைப் புரிந்துகொண்டவர்கள் அதைத் தங்களுக்குக் கீழே ஒருவரைத் தேடித் திருப்ப மாட்டார்கள்.

இதற்கு ஒரு வேலைத் திட்டத்தை முன்வைக்கிறோம். ஒவ்வொரு மாணவரும் தன் குடும்பத்தின் மூத்தவர்களிடம் போய், உங்களை எப்போது, எதற்காக, என்ன சொல்லித் திமிர் என்றார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். செருப்பா, குடையா, சைக்கிளா, கைக்கடிகாரமா, பிள்ளையின் பள்ளிக்கூடமா? எந்த ஊர், எந்த ஆண்டு என்பதையும் குறிக்க வேண்டும். அப்படித் தொகுத்தால் கிடைப்பது வசவுகளின் அகராதியாக இருக்காது. நம் மக்கள் எந்தெந்த நாளில் எந்தெந்த எல்லையைத் தாண்டினார்கள் என்ற விடுதலையின் நாட்குறிப்பாக இருக்கும். ஒருவரைத் திமிர் பிடித்தவர் என்று சொன்ன இடத்திலெல்லாம், அங்கே ஒரு மனிதர் நிமிர்ந்தார் என்று பொருள். பண்டிதர் தம் இதழில் தொடங்கிய வேலையின் அடுத்த பக்கம் அது.

ஜெய்பீம்.